மூளையில் ஊசி எங்கே இறங்கியது என்று பாருங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக்கு ஞாயிறுதோறும் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் வருவார்கள். "அக்கா, மூளையில் ஒரு இடத்துக்கு என்ன வேலை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?" இதுதான் முதல் கேள்வி. சுண்டெலி மூளையில் ஊசி இறக்கும் வேலையில் ஆறு வருடம் இருந்தவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பழைய வழி லீஷன். அந்த இடத்தை அழித்துவிட்டு, எலியால் எது முடியாமல் போகிறது என்று பார்ப்பது. மின்சாரத்தால் சுட்டால் செல்களோடு அந்த வழியாகப் போகும் நரம்பு இழைகளும் போய்விடும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையை மூடுவதற்குப் பதில் தெருவையே அடைத்தால் என்ன ஆகும்? அந்தப் பக்கம் போகிற மீன்பாடி வண்டியெல்லாம் நின்றுவிடும். ராயபுரத்துக்குச் சரக்கு போகாததற்கும் அந்தக் கடைமேல் பழி விழும். அதனால் ஐபோடெனிக் அமிலம் போன்ற ஒன்றைச் செலுத்துங்கள். அது செல்களை அளவுக்கு மீறித் தூண்டிக் கொல்லும். கடந்து போகும் இழைகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, இன்னொரு குழுவுக்கு அதே மயக்கம், அதே துளை, வெறும் உப்புக்கரைசல்.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மரபணு அனுப்பும் வழி எனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம். ஏஏவி என்ற வைரஸிலிருந்து அதன் சொந்த மரபணுக்களை எடுத்துவிட்டு நமக்கு வேண்டியதை வைக்கிறோம். கொள்ளளவு சுமார் 4,700 டிஎன்ஏ எழுத்துகள்தான். ஷேர் ஆட்டோவில் ஏற்றுவது போல நெருக்கி ஏற்ற முடியாது. ஒரு மருந்து உள்ளே போனால் மட்டும் செல்லை அடக்கும் ஏற்பியின் (மருந்து வந்து ஒட்டும் புரதம்) மரபணுவை இப்படி அனுப்பினால், அதே எலியை ஒரு நாள் மருந்தோடும் ஒரு நாள் மருந்தில்லாமலும் சோதிக்கலாம். மருந்துக்கே தனி விளைவு இருக்கலாம். அதனால் ஒளிரும் புரதம் மட்டும் ஏற்றிய எலிகளுக்கும் அதைக் கொடுத்தே ஆகவேண்டும்.

ஊசி போடும் முன் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி, மயக்கம், வலிநிவாரணி மூன்றும் கட்டாயம். மண்டையோட்டில் பிரெக்மா, லாம்டா என்ற இரண்டு புள்ளிகளும் ஒரே உயரத்தில் வரும்வரை தலையைச் சரிசெய்யுங்கள். நிமிடத்துக்கு 100 நானோலிட்டர் போதும். முடிந்ததும் கண்ணாடி ஊசியைப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

அந்தப் பத்து நிமிடத்தை நான் ஒருமுறை மூன்று நிமிடமாக்கினேன், மாலை ரயிலைப் பிடிக்க. மூன்று வாரம் கழித்து மூளையைச் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். வைரஸ் போன இடம் ஒளிரும் புரதத்தால் பச்சையாகத் தெரியும். குறிவைத்த இடமான, நினைவுக்கு வேண்டிய ஹிப்போகேம்பஸில் வெளிறிய பச்சை. அதற்கு மேலே மூளையின் வெளிப்பட்டையான புறணி முழுக்க, ஊசி போன தடம் நெடுக, பளிச்சென்று ஒரு பச்சைக்கோடு. ஊசியோடு வைரஸும் மேலே ஏறி வந்திருந்தது. எட்டு எலிகள் வீணாகப் போயின. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு மூளையையும் சீவிப் பாருங்கள். மனித மூளையிலும் இந்தச் சிக்கல் உண்டு. மூளை அறுவைக்குப் பின் புதிய நினைவுகளை உருவாக்க முடியாமல் போன நோயாளி ஹென்றி மொலேசன். அவருக்கு 1953-இல் அறுவை செய்த மருத்துவர் ஸ்கோவில், மூளைக்குள் 8 சென்டிமீட்டர் வரை எடுத்ததாக எழுதினார். 1997-இல் வெளியான எம்ஆர்ஐ ஆய்வில் சுமார் 5 சென்டிமீட்டர்தான் தெரிந்தது. குறி தவறிய எலிகளின் எண்களை, நடத்தைச் சோதனைக் கணக்கைத் திறப்பதற்கு முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். எந்த எலி எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் அதைச் செய்தால் இன்னும் நல்லது.