தோட்டா உறை, மான் கொம்புப் பேனா: கடைசலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுட்டு முடித்த ரைஃபிள் தோட்டாவின் பித்தளை உறை கீழ்ப்பாதி, கடைந்தெடுத்த மான் கொம்பு மேல்பாதி. திருகினால் நுனி வெளிவரும் இந்த வகைப் பேனா கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இரண்டையும் மரக்கட்டை மாதிரி கையாள்வது. பித்தளை, துளையிடும் பிட்டைக் கவ்வி இழுக்கும். கொம்போ பசையை உறிஞ்சும், கண்ட தூசையும் துளைகளில் வாங்கிக்கொள்ளும். கடைசிப் பொருத்துதல் வரை இரண்டையும் தனித்தனியாகவே வேலை செய்யுங்கள்.

முதலில் உயிருக்கு ஆபத்தான தவறு. உறையின் அடியில் உள்ள பிரைமரில் (ஊசி அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பள்ளம் விழுந்திருந்தால் அது வெடித்து முடிந்தது என்று நம்பிவிடுகிறார்கள். ஊசி அடித்தும் வெடிக்காத பிரைமர் உண்டு. எண்ணெயில் ஊறவைத்தால் செத்துவிடும் என்பதும் நம்பத்தக்கதல்ல. உறைக்குள் கரி படிந்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்த உறையில் எந்த வேலையும் செய்யாமல், துப்பாக்கி உரிமம் உள்ளவரிடமோ சுடுதளத்திடமோ ஒப்படையுங்கள். முழுத் தோட்டாவைப் பிரித்து உறை எடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். சுட்ட பிரைமரை உள்ளிருந்து மெல்லிய கம்பியால் தட்டி வெளியேற்றலாம். நடுவில் ஒரே துளை உள்ள பாக்ஸர் வகைக்குத்தான் இது சரிப்படும். ஓரமாக இரண்டு சிறு துளைகள் உள்ள பெர்டன் வகையை ஒதுக்கிவிடுங்கள். சில நாடுகளில் காலி உறைக்கும், தானே உதிர்ந்த கொம்புக்கும்கூடச் சட்டத் தடை உண்டு. கையில் எடுப்பதற்கு முன்பே அதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அளவு

பரவலாகக் கிடைக்கும் மெல்லிய பேனா கிட்டில், அதாவது பாகத் தொகுப்பில், 7 மி.மீ. பிட்டுக்கான இரண்டு பித்தளைக் குழாய்கள் இருக்கும், பேனாவின் ஒவ்வொரு பாதிக்குள்ளும் ஒன்று. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 53 மி.மீ. நீளம். .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையின் உறை நீளம் 51.2 மி.மீ. என்பதால், குழாயில் கொஞ்சம் அறுத்தால் பொருந்திவிடும். .30-06 உறை 63.3 மி.மீ. அதை அப்படியே போட்டால் ரீஃபில் நுனி வெளியே எட்டாது, 10 மி.மீ. அறுத்தால் கழுத்தே போய்விடும், தோட்டா உறை என்ற அடையாளமும் அதோடு போகும். .223 ரெமிங்டனின் கழுத்து உள்விட்டம் சுமார் 5.7 மி.மீ.தான், அதில் குழாய் நுழையவே நுழையாது. கிட் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். ஆகவே குழாயை அளந்த பிறகே உறையைத் தேர்ந்தெடுங்கள். கழுத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். சுட்ட உறைகளில் அது வருவதுண்டு. காந்தம் ஒட்டினால் அது எஃகு உறை, வேண்டாம்.

பித்தளை

சுட்ட உறையில் படிந்திருக்கும் கரியில் ஈயம் உண்டு. காய்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம், 5 முதல் 10 நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் அலசல், அவ்வளவு போதும். இரவு முழுக்க ஊறவிட்டால் துத்தநாகம் கரைந்து மேற்பரப்பு செம்பு நிறத் திட்டுகளாகிவிடும். அமோனியா கலந்த பாலிஷ் இன்னும் மோசம், ஏற்கெனவே இறுகிப்போன பித்தளையில் அது விரிசல் விழ வைக்கும். இந்த வேலைக்கான பாத்திரம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

அடுத்தது அடிப்பாகத்தைத் துளைப்பது. பிரைமர் குழியின் விட்டம் 5.3 மி.மீ.; அதை 7 மி.மீ. ஆக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள துளையைப் பெரிதாக்கும்போது சாதாரண பிட் திருகாணி போலப் பித்தளைக்குள் பாய்ந்து, உறையைப் பிடியிலிருந்து பிடுங்கிவிடும். பிட்டின் இரண்டு வெட்டு விளிம்புகளிலும் சாணைக்கல்லால் மெல்லிய தட்டைப் பட்டை எடுத்துவிட்டால் கவ்வாது, சுரண்டித்தான் வெட்டும். உறையைக் கையால் பிடிக்காதீர்கள். கடைசல் இயந்திரத்தின் மூன்று தாடைப் பிடியான சக்கும் மெல்லிய உடலை நசுக்கிவிடும். சுற்றிலும் சமமாக இறுக்கும் பிடியான கோலெட்டில், கெட்டியான அடிப்பகுதியைக் கவ்விப் பிடியுங்கள்.

குழாய் கழுத்தில் ஓரளவு நெருக்கமாக நிற்கும். உடலுக்குள்ளோ சுற்றிலும் வெற்றிடம். அப்படியே ஒட்டினால் குழாய் சாய்ந்து நின்றுவிடும், ரீஃபில் ஒரு பக்கம் உரசும். அந்த இடத்தை மெதுவாக இறுகும் எபாக்ஸியால் (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் பசை) நிரப்பி, கழுத்து கீழ்நோக்க நிறுத்தி வைத்தால் குழாய் நேராக நிற்கும்.

கொம்பு

கொம்பின் ஓரம் கெட்டி, நடு பஞ்சு போல நுண்துளை. வெயிலில் கிடந்து சுண்ணாம்பாக வெளுத்த கொம்பு கடையும்போதே பொடியும். பழுப்பேறிய, கையில் கனமாக இருக்கும் துண்டைத் தேர்ந்தெடுத்து, குழாயை விட 3 மி.மீ. கூடுதலாக அறுங்கள். வளைவான துண்டில் துளையின் மையத்தை ஒரு முனையில் மட்டும் பார்ப்பது பரவலான தவறு. மறுமுனையில் பிட் ஓரமாக வெளிவந்து, கடைந்ததும் ஒரு பக்கம் பஞ்சு தெரியும். இரு முனையிலும் 12 மி.மீ. வட்டம் வரைந்து, அது முழுக்கக் கொம்புக்குள் அடங்கினால்தான் துளையிட வேண்டும். 12 ஏன் என்றால், .308 உறையின் அடி விளிம்பு அந்த அகலம். இணைப்பில் கொம்பு அதற்குச் சமமாக வர வேண்டும்.

நிமிடத்துக்கு 500 சுற்று போதும். 5 மி.மீ.க்கு ஒருமுறை பிட்டை வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். முடி கருகும் நாற்றம் கடுமையானால் சூடு ஏறுகிறது, விரிசல் பின்னாலேயே வரும். இந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது, துணி முகமூடியும் அதற்குப் போதாது. நுண்துகளைத் தடுக்கும் வடிகட்டி முகமூடியைப் போடுங்கள்.

குழாயை ஒட்ட சூப்பர் குளூ வேண்டாம். பஞ்சு அதை உறிஞ்சி, குழாய் பாதி வழியிலேயே இறுகிவிடும். எபாக்ஸிதான் சரி. குழாயின் முனைகளை மெழுகால் அடைத்துவிட்டு ஒட்டுங்கள். உள்ளே கசிந்த பசையோடு பாகத்தை அழுத்திச் செருகினால் கொம்பு பிளக்கும். மெல்லிய கொம்பு வழியே மஞ்சள் குழாய் மினுங்காமல் இருக்க, முன்பே குழாய்க்கு வெள்ளை வண்ணம் பூசி உலர்த்திவிடலாம். கடைந்து ஏறக்குறைய அளவுக்கு வந்ததும் திறந்த துளைகளில் நீர்போன்ற சூப்பர் குளூவை இரண்டு மூன்று முறை விட்டு நிரப்பி, பிறகு 240 எண் உப்புத்தாளில் தொடங்கி 600 வரை போகலாம்.

உறையையும் கொம்பையும் ஒரே மேண்ட்ரலில் (கடையும் துண்டுகளைக் கோத்துச் சுழற்றும் தண்டு) மாட்டி ஒன்றாகத் தேய்த்தால் பித்தளைத் தூசு கொம்பின் துளைகளில் புகுந்து கருமையாகப் படியும், கழுவினாலும் போகாது. உறையைத் தனியே மெருகேற்றி, ஆல்கஹாலால் துடைத்து, கையுறையோடு எடுத்து, லாக்கர் எனும் பாதுகாப்புப் பூச்சைப் பூசுங்கள். விரல் பட்ட இடம் லாக்கருக்கு அடியிலேயே கறுக்கும்.

கடைசியில் திருகு பாகம், அதாவது ரீஃபிலை வெளியே தள்ளும் பாகம். அதில் குறித்துள்ள கோடு வரை ஒரேயடியாக அழுத்தாதீர்கள். குழாயின் நீளத்தை மாற்றியிருப்பதால் கிட்டின் குறி இங்கே பொருந்தாது. 2 மி.மீ. முன்பே நிறுத்தி, ரீஃபிலைப் போட்டு நுனி எவ்வளவு வருகிறது என்று பார்த்து, அரை மி.மீ. அரை மி.மீ. ஆக இறக்குங்கள். கூடுதலாக இறங்கிவிட்டால் நுனிப் பாகத்தைக் கழற்றி, கழுத்து வழியாகக் கம்பி விட்டுத் தட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். அந்தத் தட்டலில் திருகு பாகம் பெரும்பாலும் பழுதாகும்.