தலைக்குள் செல் துண்டு: காந்தத் தூண்டலுக்குப் போகமுதல் பார்க்க வேண்டியவை

டி.எம்.எஸ். எனப்படும் காந்தத் தூண்டலில் வெட்டுக்கொத்து இல்லை. '8' வடிவக் கம்பிச் சுருளைத் தலையோடு அணைத்துப் பிடிப்பார்கள். அதிலிருந்து வரும் துடிப்பு மண்டையோட்டைத் தாண்டி, மூளையின் மேற்பரப்பில் மெல்லிய கரண்டை எழுப்பும். கால் போன பிறகும் அந்தக் காலிலேயே எரிகிற வலி, நரம்பு வலி, குளிசைக்கு அசையாத மனச்சோர்வு ஆகியவற்றுக்கு இதைச் செய்கிறார்கள்.

தொடங்கமுதல் தரும் படிவத்தில் 'உடம்பில் உலோகம் உண்டா?' என்றொரு கேள்வி வரும். 2009இல் போர் நடந்தபோது வன்னிக்குள் இருந்தவர் அதற்கு யோசிக்காமல் 'இல்லை' போடக்கூடாது. 'உள்ளுக்கு பீஸ் இருக்கு', அதாவது வெடித்த செல்லின் (எறிகணையின்) துண்டு இருக்கிறது என்று தெரிந்தவர் சொல்லிவிடுவார். சின்னக் காயம் தானாக ஆறி, தோலும் மூடிப்போனவருக்கே சிக்கல்.

ஆகவே முதலில் எக்ஸ்ரே. மண்டையை முன்பக்கமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கழுத்துக்கும் அப்படியே என்று கேளுங்கள். ஒரு படம் போதாது. முன்பக்கப் படத்தில் துண்டு இடமா வலமா என்பது தெரியும், ஆழம் தெரியாது. தோலுக்குக் கீழே கிடக்கிற துண்டும் மூளைக்குள் இருப்பதுபோலக் காட்டும். பக்கவாட்டுப் படத்தையும் வைத்துத்தான் எலும்புக்கு வெளியேயா உள்ளேயா என்று சொல்லலாம். துண்டு இரும்பா ஈயமா என்பதை எக்ஸ்ரே சொல்லாது. அறிக்கையோடு படத்தையும், ஆஸ்பத்திரியில் தந்த பழைய டயக்னோசிஸ் கார்ட்டையும் கையில் கொண்டுபோங்கள்.

சுருளின் முகப்பில் காந்தப்புலம் 1.5 முதல் 2 டெஸ்லா வரை இருக்கும். சில சென்ரிமீற்றருக்குள் வேகமாகக் குறைந்துவிடும். அதற்குள் அகப்படும் உலோகம் சூடாகலாம், அசையலாம். சுருளிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் காந்தத்துக்கு இழுபடும் அல்லது கரண்ட் கடத்தும் உலோகம் இருக்கக்கூடாது என்பது பொது விதி. பல் அடைப்புக்கு விலக்கு உண்டு. காதுக்குள் பொருத்திய கருவிக்கு இல்லை. தொடையில், இடுப்பில் உள்ள துண்டு காந்தத் தூண்டலைத் தடுக்காது. எம்.ஆர்.ஐ. வேறு கதை: அங்கே முழு உடம்பும் காந்தத்துக்குள் போகிறது. கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் துண்டு இருந்தால் ஆபத்து. ஒன்றுக்கு மறுத்தால் மற்றதும் இல்லை என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

அடுத்தது வலிப்பு. இந்தச் சிகிச்சையில் அது அரிது. ஆனாலும் தலையில் பழைய காயத் தழும்பு உள்ளவருக்கு வாய்ப்புக் கூட. முன்பு எப்போதாவது அறிவு தப்பியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். குடிக்கிற குளிசைகள் எல்லாவற்றையும் கிளினிக் கொப்பியோடு காட்டுங்கள். வலிக்குக் கொடுக்கும் டிரமடோல் வலிப்பைத் தூண்டக்கூடியது. வலிப்புக் குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம். நித்திரைக் குறைவும் அதே வேலையைச் செய்யும்: கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறி, விடியக் கொழும்பில் இறங்கி, நேரே சிகிச்சைக் கதிரையில் போய் இருப்பது மோசமான யோசனை. ஒரு நாள் முந்திப் போய்ப் படுத்தெழும்புங்கள்.

அன்றைக்குத் தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, போன் எல்லாம் வெளியே. முதலில் ஒவ்வொரு துடிப்பாக விட்டுப் பெருவிரல் துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். 10 தரத்தில் 5 தரம் துடிக்கப் போதுமான மிகக் குறைந்த பலம்தான் உங்கள் அளவு. கை இல்லாதவருக்கு மற்றக் கையில் எடுக்கலாம். வலிச் சிகிச்சைக்கு அந்த அளவின் 80 முதல் 90 சதவீதத்தில், செக்கனுக்கு 10 துடிப்பு வீதம், வலிக்கு எதிர்ப்பக்க மூளையில் விடுவார்கள். மரங்கொத்தி கொத்துவதுபோல மண்டையில் படும். சத்தம் பெரிது. காதடைப்பான் இல்லாமல் தொடங்க விடாதீர்கள். வெடிச்சத்தத்துக்கு இன்னும் திடுக்கிடுகிறவர், சுருளைத் தலையில் வைக்கமுதல் தள்ளிப் பிடித்து ஒருதரம் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பாதியில் பயந்து தலையைத் திருப்பினால் சுருள் இடம் மாறிவிடும், அன்றைய நாள் வீண்.

ஒரு நாளில் வலி போகாது. தொடர்ந்து பல நாள் செய்யவேண்டும்; கிடைக்கிற சுகமும் கிழமைக்கணக்கில் மங்கும், திரும்பச் செய்யவேண்டி வரும். தங்குமிடச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டுத் திகதி எடுங்கள்.

துண்டு காரணமாக மறுத்தால், இணையத்தில் விற்கும், ஈர ஸ்பொஞ்ச் வழியாகத் தலைக்குள் கரண்ட் விடும் பட்டிகளை வாங்கித் தலையில் கட்டவேண்டாம். மண்டையோட்டில் ஓட்டை உள்ளவருக்குக் கரண்ட் அந்த வழியாகவே அதிகம் இறங்கும்; ஸ்பொஞ்ச் காய்ந்தால் தோல் வேகும். இல்லாத காலில் வரும் வலிக்குக் கண்ணாடிப் பயிற்சி இருக்கிறது. கால்களுக்கு நடுவே நீளக் கண்ணாடியை, முகப்பு நல்ல காலைப் பார்க்க நிறுத்துங்கள். இல்லாத கால் கண்ணாடிக்குப் பின்னால் மறையவேண்டும். நல்ல காலை மெதுவாக அசைத்தபடி, கண்ணாடியில் தெரிவதை மட்டும் பாருங்கள். நாளுக்கு 15 நிமிடம். தலை சுற்றினால், வலி கூடினால் நிறுத்திவிட்டு அடுத்த நாள் குறைந்த நேரம் செய்யுங்கள்.