கையால் கிட்டார் மரம் அறுக்கிறீர்களா? இந்தப் பிழைகள் வேண்டாம்

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் என் பட்டறைக்கு ஒரு தம்பி மஹோகனிப் பலகை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். கிட்டார் கழுத்துக்காம். பென்சில் கோடு அவ்வளவு அழகு, மூலைமட்டம் வைத்தால் துளி பிசகில்லை. பலகையைத் திருப்பி விளிம்பைப் பார்த்தேன். நார் கோட்டோடு போகாமல் சரிந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. 10 வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே பிழை. வாள் கூராக இருக்க வேண்டும், பலகையை இறுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

நாரைப் பார்க்காமல் கோட்டில் அறுப்பது

மரக்காலையில் அறுப்பவர் ஒரு மரத்தில் எத்தனை பலகை தேறும் என்றுதான் பார்ப்பார், அது அவர் தொழில். பலகையின் விளிம்பு நேராக இருப்பதால் உள்ளே நாரும் நேராக ஓடும் என்று அர்த்தமில்லை. நாமோ அந்த விளிம்பிலிருந்தே அளந்து கோடு போடுகிறோம். மேசைக்கால் என்றால் பரவாயில்லை. கிட்டாரில் 6 உலோகக் கம்பிகளையும் முறுக்கினால் ஏறத்தாழ 70 கிலோ இழுவை, இரவும் பகலும், வருடக்கணக்கில். நார் முழு நீளத்துக்கும் ஓடினால் கழுத்து தாங்கும். சரிந்து ஓடினால், தலைப்பகுதி பின்னால் சாய்கிற அந்த மெல்லிய இடத்தில் நார் இரண்டு விரற்கடைகூட இருக்காது.

என் முதல் கழுத்து அப்படித்தான் போனது. மொறட்டுவையில் வாங்கி ஒரு வருடம் பரணில் காயவைத்த மரம். கம்பி கட்டி ஒன்பதாம் நாள், இரவுச் சாப்பாட்டு நேரம், உள்ளறையில் 'டக்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் தலை கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. உடைந்த முகத்தில் விரலை ஓட்டினேன், ஒரு சிராய்கூடக் குத்தவில்லை. நார் முறியவே இல்லை, நாருக்கும் நாருக்கும் நடுவே பிளந்துவிட்டது.

பலகையின் நுனியில் ஒரு கழிவுத் துண்டை வெட்டி, உளியை வைத்துத் தட்டிப் பிளந்து பாருங்கள். மஹோகனியில் நார் பின்னிக்கிடக்கும், பிளந்த முகம் கரடுமுரடாகத்தான் வரும், ஆனாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். இல்லையா, சீவுளி போட்ட முகத்தில் ஒரு சொட்டுப் பேனா மை, விளிம்பில் ஒரு சொட்டு. மை நார் வழியே நீளமாக ஊறும். அப்புறம் அதற்குச் சமாந்தரமாகக் கோடு போடுங்கள். ஆப்பு மாதிரி ஒரு துண்டு கழிவாகப் போகும், போகட்டும். அதற்கு மனமில்லாமல்தான் நான் ஒரு கழுத்தையே இழந்தேன். இரண்டு கழுத்து எடுக்க எண்ணி வந்த அந்தத் தம்பி ஒன்றோடு திரும்பினார்.

குறுக்குவாளால் நீளவாட்டில் அறுப்பது

குறுக்குவாளின் பல் கத்தி மாதிரி நாரை வெட்டும். நீளவாட்டு வாளின் பல் குட்டி உளி மாதிரி சீவிக்கொண்டு போகும். மாற்றிப் பிடித்தால் தூள் அடைத்து, கை சோர்ந்து, வாளும் கோட்டை விட்டு விலகும்.

ஒரே பக்கம் நின்று அறுப்பது

முதுகுப் பலகைக்காகக் கட்டையை இரண்டாகப் பிளக்கும்போது வாள் பின்பக்கம் எங்கே போகிறது என்று தெரியாது. 2 அங்குலத்துக்கு ஒருமுறை திருப்புங்கள்.

முனைகளுக்கு மெழுகு பூசாமல் காயவைப்பது

பூசுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாகப் போகும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும்.

அறுத்த அன்றே கடைசிக் கனத்துக்குச் சீவுவது

கூடாது. 2 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, இடையிடையே குச்சி வைத்து அடுக்குங்கள். வளைகிற பலகை முதலில் வளைந்து முடியட்டும்.