மரத்தடியில் ரெய்சி காளான்: எப்படித் தேடுவது, எப்படிக் காய்ச்சுவது

மாரி மழை விட்ட பிறகு மட்டக்களப்பில் வாகரை, உன்னிச்சைப் பக்கம் செத்த மரக்குற்றிகளின் அடியைக் குனிந்து பாருங்கள். வார்னிஷ் பூசியது போல மினுங்கும் செம்பழுப்பு மேற்புறம், வெள்ளையான அடிப்புறத்தில் நுண்துளைகள், நகத்தால் கீறினால் பழுப்பாக மாறும், சுற்றிலும் கோப்பித்தூள் நிறத்தில் வித்துத்தூள்: இவ்வளவும் இருந்தால் அது அனேகமாக, சீன மருத்துவத்தில் மருந்தாகக் காய்ச்சும் ரெய்சி சேர்ந்த கனோடெர்மா இனம். ஆனால் அதில் பல வகைகள் உண்டு, கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது, அதனால் தெரிந்தவர் உறுதிப்படுத்தாமல் குடிக்க வேண்டாம்.

உயிருள்ள தென்னையின் அடியில் கண்டால் மருந்தை மறந்துவிட்டு மரத்தைக் கவனியுங்கள், உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது.

சரி, காய்ச்சுவது. கட்டைபோல இருப்பதால் கறிக்கு ஆகாது. இளசாக, பூச்சி அரிக்காததாக எடுத்து, பச்சையிலேயே மெல்லிசாகச் சீவி, மொறுமொறுவென்று காயவிடுங்கள். சீன மருத்துவத்தில் நாளுக்கு 6 முதல் 12 கிராம் காய்ந்த துண்டு, மெல்லிய தீயில் நெடுநேரம் கொதிக்க வைப்பார்கள். நல்ல கசப்பு, தேன் சேர்க்கலாம். களைப்புக்கும் நித்திரைக்கும் குடிப்பது அங்கே பழைய வழக்கம். புற்றுநோயை மாற்றும் என்று விற்பவர்களை நம்பாதீர்கள். வார்ஃபரின், அஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தவர்களும் தொடவே கூடாது, இரத்தக்கசிவு கூடலாம்.