சதுப்பு ரோஸ்மேரி வளர்ப்பது எப்படி?

சதுப்பு ரோஸ்மேரியைச் சாகடிப்பது பெரும்பாலும் சுண்ணாம்புதான். ஆண்ட்ரோமெடா பாலிஃபோலியா என்ற இந்தக் குறுஞ்செடி, வடதுருவத்தை ஒட்டிய குளிர்நாடுகளின் பாசிச் சதுப்புகளில் வளர்வது. முழங்கால் உயரத்துக்கு மேல் போகாது. ஒடுங்கிய இலைகளின் ஓரம் கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருக்கும், அடிப்புறம் சாம்பல் பூத்த வெண்மை. வசந்தத்தில் இளஞ்சிவப்பில் குட்டிக் குடம்போலப் பூக்கள் தொங்கும்.

வேர்கள் மேலோட்டமானவை, அவற்றோடு கூடி வாழும் பூஞ்சைதான் அமில மண்ணிலிருந்து சத்தை எடுத்துத் தருகிறது. மண்ணின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, 7-க்குக் கீழே போகப் போக அமிலம் கூடும்) 4 முதல் 5 வரை இருக்கட்டும். மூன்று பங்கு பீட்டுக்கு (சதுப்பில் பாதி மட்கிய பாசி) ஒரு பங்கு சுண்ணாம்பில்லாத பருமணல் போதும். காய்ந்த பீட் தண்ணீரை உள்ளே விடாது, மேலேயே ஓடிவிடும். முதல் நாளே மழைநீரில் ஊறவைத்துப் பிசைந்துகொள்ளுங்கள்.

40 செ.மீ. ஆழமுள்ள பிளாஸ்டிக் தொட்டி நல்லது. சிமெண்ட் தொட்டி வேண்டவே வேண்டாம், அதிலிருந்தே சுண்ணாம்பு கசியும். துளையை அடியில் போடாமல், பக்கவாட்டில் விளிம்பிலிருந்து 12 செ.மீ. கீழே போடுங்கள். அடிப்பகுதியில் நீர் தங்கும், மேல்வேர்களுக்குக் காற்று கிடைக்கும். சதுப்பிலும் இது பாசித் திட்டுகளின் மேல்தான் நிற்கிறது. கழுத்துவரை நீரில் மூழ்கினால் அழுகிவிடும். வேர்க்கட்டியின் மேற்பரப்பு மண்ணோடு சமமாக இருக்கும்படி நட்டு, மேலே உயிருள்ள ஸ்பேக்னம் பாசியைப் பரப்பலாம்.

தண்ணீரில் விட்டுக்கொடுக்காதீர்கள்: மழைநீர், இல்லையென்றால் ஆர்ஓ நீர். கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் தண்ணீர் இதற்கு ஆகாது. அதிலுள்ள சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தன்மையைக் குறைத்துவிடும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் காரணம் இதுதான். நாலைந்து முறை மழைநீர் ஊற்றி மண்ணை அலசிவிட்டு, செலேட் இரும்பு (செடி எளிதில் உறிஞ்சும் வடிவிலான இரும்புச்சத்து) கொடுங்கள்.

உரம் கிட்டத்தட்ட வேண்டாம். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் அமிலச் செடிகளுக்கான உரத்தைக் கால் பங்கு வீரியத்தில், வசந்தத்தில் ஒருமுறை. சாம்பலும் எலும்புத்தூளும் கூடவே கூடாது.

கடுங்குளிரை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும், வெப்பத்தில்தான் துவளும். இரவிலும் புழுக்கம் தணியாத இடத்தில் வேரழுகல் வரும், அங்கே இதை வளர்க்க முயலாமல் இருப்பதே நல்லது. மிதமான கோடையுள்ள இடத்தில் முழு வெயில் நல்லது. சற்றுச் சூடான இடத்தில் காலை வெயில் மட்டும்.

கவாத்து பூ முடிந்தவுடன். தாமதித்தால் அடுத்த ஆண்டு மொட்டையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். புதுச்செடிக்குப் பதியம்தான் எளிது: தாழ்ந்த கிளையைப் பாசிக்குள் அழுத்தி வைத்தால் வேர்விடும், அடுத்த வசந்தத்தில் பிரித்து நடலாம்.

இலை சமையல் ரோஸ்மேரியைப் போலவே தெரியும், ஆனால் கிரயானோடாக்சின் என்ற நச்சு கொண்டது. வாயில் வைக்கவே கூடாது. ஆடுமாடு எட்டாத இடத்தில், மூலிகைத் தொட்டிகளிலிருந்து தள்ளி, பெயரெழுதிய பலகையோடு வையுங்கள்.