சான் செபஸ்தியானில் பின்ச்சோ சாப்பிடப் போகிறீர்களா?

ஸ்பெயினின் வடகரையில் இருக்கும் சான் செபஸ்தியானுக்கு, பாஸ்க் மக்கள் டொனோஸ்தியா என்று அழைக்கும் ஊருக்கு, போகிறவர்கள் ராத்திரி ஒரே உணவகத்தில் உட்கார்ந்து வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். பழைய நகரத்துச் சந்துகளில் வரிசையாக பார்கள் இருக்கின்றன. ஒரு பாரில் பின்ச்சோ என்னும் சிறு தின்பண்டத்தில் ஒன்றிரண்டை நின்றபடியே சாப்பிட்டு, காசு கொடுத்துவிட்டு, அடுத்த பாருக்கு நகர்வதுதான் அங்குள்ள பழக்கம், உள்ளூர்க்காரர்களும் நண்பர்களோடு அப்படித்தான் சுற்றுகிறார்கள்.

கவுன்ட்டரில் அடுக்கியிருப்பதைப் பார்த்ததும் தட்டை நிரப்பிக்கொள்ள வேண்டாம். கரும்பலகையில் எழுதியிருப்பதைக் கேளுங்கள், அதைத்தான் அப்போதே சமைத்துச் சூடாகத் தருவார்கள். ஆனால் கவுன்ட்டரில் கில்தா இருந்தால் விடாதீர்கள்: ஆலிவ், ஊறிய பச்சை மிளகாய், உப்பிட்ட நெத்திலி மூன்றையும் ஒரு குச்சியில் குத்தியது, புளிப்பும் உப்பும் காரமும் ஒரே வாயில். சைவம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், காய்கறிப் பதார்த்தத்தில்கூட பன்றி இறைச்சித் துண்டு கிடக்கலாம். வதக்கிய காளானும் பொரித்த பச்சை மிளகாயும் பல இடங்களில் கிடைக்கும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தோர்த்தியா என்னும் உருளைக்கிழங்கு ஆம்லெட் நல்லது.

அப்புறம், சாயங்காலமே லா கொன்ச்சா கடற்கரையோரமாக மேற்கே நடந்து, ஒந்தரெத்தா கடற்கரையின் கடைசிவரை போய்விடுங்கள். சிற்பி எதுவார்தோ சில்லிதாவின் மூன்று எஃகுச் சிற்பங்கள் அங்கே பாறைகளில் பதிந்திருக்கின்றன. அலை பலமாக இருந்தால் தரையில் உள்ள துளைகள் வழியே காற்றும் நீரும் சீறிக்கொண்டு மேலே வரும், பார்க்கவே அவ்வளவு அற்புதம்! போனை மட்டும் நனையாமல் வைத்துக்கொள்ளுங்கள், புயல் நாளில் தள்ளியே நில்லுங்கள்.