கர்ப்பத்தில் வாய் வறட்சி: எந்த நேரத்தில் காய்கிறது என்று முதலில் பாருங்கள்

வாய் காய்ந்து போகிறது என்று சொல்லும் கர்ப்பிணியிடம் நான் முதலில் கேட்பது, எந்த நேரத்தில் காய்கிறது என்றுதான். நான் பல் மருத்துவர். இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள். இரண்டாவது கர்ப்பத்தில் எனக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வறட்சி இருந்தது. "நிறையத் தண்ணீர் குடி" என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். தண்ணீர் வேண்டும்தான். ஆனால் நடுராத்திரியில் மட்டும் காய்கிறவருக்கும், மாத்திரை போட்டபின் காய்கிறவருக்கும், நாள் முழுக்கத் தாகம் அடங்காதவருக்கும் காரணம் ஒன்றாக இருக்காது. அது தெரியாமல் குடித்துக்கொண்டே இருந்தால் சிறுநீர் கழிக்க எழுந்து போவதுதான் கூடும், வாய் பழையபடியே இருக்கும்.

அதனால் மூன்று நான்கு நாள் கைப்பேசியில் குறித்து வையுங்கள். எப்போது காய்ந்தது, அதற்குமுன் என்ன சாப்பிட்டீர்கள், எந்த மாத்திரை போட்டீர்கள், வாந்தி எடுத்தீர்களா, மூக்கு அடைத்திருந்ததா, சிறுநீர் என்ன நிறம். இவ்வளவு போதும். இந்தக் குறிப்போடு வருகிறவருக்கு என்னால் சீக்கிரம் உதவ முடிகிறது.

உண்மையிலேயே எச்சில் குறைவா, தாகம் மட்டும்தானா என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். நான் பரிசோதிக்கும்போது சிறிய வாய்க்கண்ணாடியை உள்கன்னத்தின்மேல் மெதுவாக நகர்த்துவேன். ஈரமான வாயில் அது வழுக்கிக்கொண்டு போகும். வறண்ட வாயில் தசையோடு ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது கன்னமும் கூடவே கொஞ்சம் இழுபட்டு வரும். நீங்கள் கண்ணாடி முன் நின்று நாக்கை மேலே தூக்கி அடியில் பாருங்கள். அங்கே எச்சில் தேங்கி நிற்க வேண்டும். நுரையாக இருந்தாலோ, தேக்கமே இல்லாவிட்டாலோ சுரப்பு குறைந்திருக்கிறது. உலர்ந்த பிஸ்கட் ஒன்றைத் தண்ணீர் இல்லாமல் மென்று விழுங்க முடியவில்லை என்றாலும் அப்படித்தான்.

கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. சிறுநீரகங்களும் முன்பைவிடக் கிட்டத்தட்ட பாதி மடங்கு அதிகமாக வடிகட்டுகின்றன. ஹார்மோன் காரணமாக மூச்சு ஆழமாகிறது, மூச்சுக் காற்றோடும் ஈரம் போகிறது. ஆகவே உடல் கூடுதல் நீர் கேட்பது இயல்பு. (சிலருக்கு நேர்மாறாக, குமட்டலோடு சேர்ந்து எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். அது வேறு தொல்லை.)

இனி நேரத்துக்கு வருவோம்.

இரவில் அல்லது விடியற்காலையில் மட்டும் காய்ந்தால், முதலில் மூக்கைச் சந்தேகப்படுங்கள். நாள் ஒன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது என்றாலும், தூக்கத்தில் அந்தச் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடும். இது எல்லோருக்கும் உள்ளது. கர்ப்பத்தில் மூக்கின் உட்சவ்வும் வீங்குவதால், சளியோ காய்ச்சலோ இல்லாமலேயே மூக்கடைப்பு வரும். வாயைத் திறந்து தூங்குவீர்கள். இருக்கிற கொஞ்ச ஈரமும் மூச்சோடு போய்விடும். என் வறட்சியும் இந்த வகைதான். படுக்கும்முன் வாயை மூடி ஒரு நிமிடம் மூக்கால் மட்டும் மூச்சுவிட்டுப் பாருங்கள். திணறினால் விஷயம் புரிந்துவிடும்.

இதற்கு எனக்குப் பலன் தந்தவை எளிய காரியங்கள். தூங்கும்முன் உப்புநீர் மூக்குத் தெளிப்பான், தலைப்பக்கம் ஒரு தலையணை கூடுதல், ஒருக்களித்துப் படுப்பது. மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் அடிக்காமல் திருப்பி வைப்பது. அறைக் காற்று மிகவும் உலர்ந்திருந்தால் ஈரப்பதமூட்டி உதவும், ஆனால் அதன் தண்ணீரைத் தினமும் மாற்றிக் கழுவ வேண்டும். மூக்கடைப்பு நீக்கும் மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் சில கர்ப்பத்துக்கு ஏற்றவை அல்ல, அதுவும் முதல் மூன்று மாதங்களில். அவை வாயையும் இன்னும் காயவைக்கும். சத்தமான குறட்டையும், இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவதும் சேர்ந்தால் மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்தத் தூக்கக் கோளாறு கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ளது.

படுக்கை அருகில் தண்ணீர் இருக்கட்டும், வெறும் தண்ணீர் மட்டும். நடுராத்திரியில் பழச்சாறோ பாலோ ஒரு வாய் குடித்துவிட்டுத் தூங்கினால், எச்சில் இல்லாத அந்த நேரத்தில் சர்க்கரை பல்லிலேயே தங்கிவிடும்.

வாந்தியை ஒட்டி வறட்சி என்றால் உடலில் நீரே குறைகிறது. ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடித்தால் அதுவும் வெளியே வந்துவிடும். சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மடக்கு போதும். வாந்தி அதிகமானால் வாய்வழி நீரேற்றக் கரைசல், அதாவது ஓ.ஆர்.எஸ்., வெறும் தண்ணீரைவிட மேல். தண்ணீரைப் பார்த்தாலே குமட்டுகிறவர்கள் சிறிய ஐஸ் துண்டை வாயில் வைத்துக் கரையவிடலாம். ஒரு நாள் முழுக்க எதுவும் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றால் வீட்டில் இருந்து சமாளிக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இங்கே பல்லைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாந்தி எடுத்த உடனே பல் துலக்காதீர்கள். வாய் நாற்றம் தாங்காமல் உடனே பிரஷ்ஷை எடுக்கத் தோன்றும், புரிகிறது. ஆனால் வயிற்று அமிலம் பட்டு எனாமல் மென்மையாகி இருக்கும், அப்போது தேய்த்தால் அது தேய்ந்தே போகும். மேல் முன்பற்களின் பின்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். அங்குள்ள இயல்பான மேடு பள்ளம் மறைந்து, வழவழவென்று பளபளப்பாக இருக்கும். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்புங்கள். அமிலம் அடங்கிவிடும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கலாம்.

மாத்திரை போட்ட பிறகு காய்ந்தால், அந்த மாத்திரைகளையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். குமட்டலுக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் எச்சிலைக் குறைக்கும், டாக்ஸிலமைன் அந்த வகைதான். இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மருந்துகளும் அப்படியே. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வேளையை மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை வாயில் உலோகச் சுவை தரும். அதையும் வறட்சி என்று சிலர் சொல்வதுண்டு. பிஸ்கட் சோதனையில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

நாள் முழுக்கத் தாகம், எவ்வளவு குடித்தாலும் அடங்கவில்லை, சிறுநீரும் அதிகம், சோர்வும் இருக்கிறது என்றால் சர்க்கரைப் பரிசோதனை வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை நோய் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது, அதனால்தான் 24 முதல் 28 வாரத்துக்குள் வழக்கமாகப் பரிசோதிக்கிறார்கள். உங்களுக்கு அறிகுறி முன்பே தெரிந்தால் அந்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம். நாக்கிலோ கன்னத்தின் உள்பக்கத்திலோ வெள்ளைப் படலம், துடைத்தால் அடியில் சிவந்து எரிகிறது என்றால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். வறண்ட வாயிலும் சர்க்கரை கூடிய உடலிலும் அது எளிதாக வரும். மருந்துக்குக் கட்டுப்படும்.

இன்னும் இரண்டு. ஐஸைக் கரையவிடுவது வேறு. கடகடவென்று கடித்து மெல்ல வேண்டும் என்ற அடங்காத ஆசை இரத்தசோகையின் அறிகுறியாக இருக்கலாம், ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் அது 11 கிராமுக்குக் கீழே போனால் குறைவு. அப்புறம், வாயோடு கண்ணும் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, கர்ப்பத்துக்கு முன்பிருந்தே இப்படித்தான் என்றால் ஷோக்ரன் நோய்க்கான (உடலின் எதிர்ப்பு சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய்) இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அரிதுதான். ஆனால் அந்நோயில் உண்டாகும் ஒருவகை எதிர்ப்புரதம் நஞ்சுக்கொடி வழியே போய்க் குழந்தையின் இதயத்துடிப்பைப் பாதிக்கக்கூடும். முன்கூட்டித் தெரிந்தால் மருத்துவர்கள் கவனமாகக் கண்காணிப்பார்கள்.

காரணம் எதுவானாலும் அன்றாடம் செய்ய வேண்டியவை உண்டு. தண்ணீர் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் கர்ப்பிணிக்கு உணவில் உள்ள நீரையும் சேர்த்து நாளுக்கு 2.3 லிட்டர் என்று சொன்னது. வெயிலிலும் வாந்தியிலும் இன்னும் வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. பி வைட்டமின் கலந்த மாத்திரை போட்டவர்களுக்கு அது பளிச்சென்ற மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். காபி, டீ பிடித்தவர்கள் காஃபின் நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்சிலைச் சுரக்கவைக்க மிகச் சிறந்த வழி மெல்லுவது. சாப்பிட்டபின் சர்க்கரை இல்லாத, சைலிட்டால் கலந்த சூயிங்கம் பத்து நிமிடம் மெல்லலாம். அதிகமானால் வயிறு போகும். வீட்டில் நாய் இருந்தால் அதன் வாய்க்கு எட்டாமல் வையுங்கள், சைலிட்டால் நாய்க்கு விஷம். கேரட், வெள்ளரி மாதிரி நன்றாக மெல்ல வேண்டியவையும் உதவும். புளிப்பு மிட்டாய் மட்டும் வேண்டவே வேண்டாம். உடனே எச்சில் ஊறுவது உண்மைதான், ஆனால் வாயின் காரஅமிலத் தன்மை (pH; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். அதைத் திரும்ப மேலே கொண்டுவருவது எச்சில். எச்சில் குறைந்த வாயில் அமிலமும் சர்க்கரையும் நெடுநேரம் நிற்கும்.

ஃப்ளூரைடு உள்ள பற்பசையால் இருவேளை துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விடுங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். பற்பசை எரிச்சல் தந்தால் நுரைப்பான் இல்லாத வகைக்கு மாறலாம். கொப்பளிப்பு மருந்து வாங்கினால் ஆல்கஹால் இல்லாததாகப் பாருங்கள். செயற்கை எச்சில் ஜெல் கிடைக்கிறது, மருத்துவரைக் கேட்டு இரவில் தடவிக்கொள்ளலாம். எச்சில் சுரக்கவைக்கும் மாத்திரைகளைக் கர்ப்பத்தில் நீங்களாக எடுக்கக் கூடாது. உதட்டை நாக்கால் நனைக்க நனைக்க வெடிப்பு கூடும், வாசனை இல்லாத பெட்ரோலியம் ஜெல்லி போதும்.

பல் மருத்துவரிடம் போவதைப் பிரசவம் வரை தள்ளிப்போடாதீர்கள். சுத்தம் செய்வதும் சொத்தையை அடைப்பதும் கர்ப்பத்தில் செய்யக்கூடியவைதான், வழக்கமான மரப்பு ஊசி உள்பட. நடு மூன்று மாதங்களில் நாற்காலியில் சாய்ந்திருப்பது வசதியாக இருக்கும். பல்வலி வந்துவிட்டால் எந்த மாதம் என்று பார்க்காமல் உடனே போங்கள்.

கர்ப்பத்தால் வந்த மூக்கடைப்பு பிரசவமாகி இரண்டு வாரத்துக்குள் விட்டுவிடும், இரவு வறட்சியும் அதோடு குறையும். தாய்ப்பால் கொடுக்க உட்காரும்போது வேறுவிதமான தாகம் திடீரென்று வரும், கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீர் இருக்கட்டும். மூக்கு சரியாகியும் வாய் காய்ந்தபடியே இருந்தால் மீண்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.